சீட் பெல்ட்டின் கடைசி முழம்

பெறுநர்
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் பதிவுச் சான்றில் ஒரு வரி சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



2016 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவர், தருமபுரிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னார். என் பழைய காரை வாங்கியபோது பேப்பர்களோடு வந்த பழைய இன்சூரன்ஸ் நகலில் என் நம்பர் இருந்ததாம். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஏசி போட்டா சேத்து வாடை வருது. இந்த வண்டி தண்ணியில நின்னுச்சா?"

நின்றது. 2015 டிசம்பர் 1 இரவு தொடங்கி மூன்று நாள், முடிச்சூரில், ஸ்டியரிங்கின் பாதி உயரத்துக்கு அடையாற்றுத் தண்ணீரில் நின்றது. ஆனால் நான் சொன்ன பதில், "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த நன்றிதான் இத்தனை வருடமாக உறுத்துகிறது. இன்னொரு ஐப்பசி நெருங்கும் நேரத்தில் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். வெள்ளத்தில் மூழ்கிய காரைத் திருத்தி ஓட்டலாம், விற்கலாம், வாங்கலாம், எதுவும் குற்றமில்லை. ஆனால் அது மூழ்கிய செய்தி விற்பவன் வாயை நம்பி இருக்கக் கூடாது. ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் இருக்க வேண்டும். என் கோரிக்கையின் சாரம் இவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. டி.வி.யில் செம்பரம்பாக்கம் ஏரியின் பேர்தான் அடிபட்டது. எங்கள் தெருவுக்கு வந்ததோ ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாற்றில் இறங்கிய உபரி. ராத்திரி எட்டரைக்குப் போர்டிகோவில் முழங்கால் அளவு. மெயின் ரோட்டு மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று வண்டியை எடுத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன்; இரண்டு முறை இருமியது. மறுபடி திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. கதவைத் திறந்தபோது தண்ணீர் சீட்டின் மேல் ஏறி வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் பாயின் பட்டறைக்கு இழுத்துப் போனோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முதல் கேள்வியே, "நின்னப்புறம் சாவி போட்டீங்களா சார்?"

"ரெண்டு தடவை, பாய்."

"தண்ணி கெடுத்தது பாதி. மீதி நீங்க."

காரணத்தைப் பிறகு விளக்கினார். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது அங்கே காற்று இருந்தால் அது அமுங்கிக் கொடுக்கும். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் போயிருந்தால் அமுங்காது. பிஸ்டன் ஏறியாக வேண்டும், தண்ணீரோ வழிவிடாது. நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துகொள்ளும். அந்த 'டக்' என் ராடு வளைந்த சத்தம். நின்ற வண்டியை நின்றபடியே விட்டிருந்தால் இன்ஜின் செலவு ஆயிரங்களில் முடிந்திருக்கும். பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம் இது. ஓட்டுநர் உரிமம் வாங்க வந்தபோது உங்கள் அலுவலகத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த மூன்று வாரம் ஆபீஸ் விட்டதும் பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். மூழ்கிய காரைக் காப்பாற்றுவது எவ்வளவு பொறுமையான வேலை என்று அங்கேதான் பார்த்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். பால் கூடிப்போன காபி நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பெட்ரோல் டேங்க், கியர் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் என்று இருந்ததையெல்லாம் வடித்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்பானரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றப் பார்த்தார். அரைச் சுற்றிலேயே பிளக் குழியிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீச்சி அவர் சட்டையில் அடித்தது. "இது அடையாறு" என்று சிரித்தார்.

இன்ஜின் இரும்பு; பிரித்து, கழுவி, வளைந்ததை மாற்றி, இரண்டு முறை ஆயில் ஊற்றி இறக்கினால் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதது ஒயரிங். பார்த்தால் சுத்தமாக இருக்கும். கனெக்டரைப் பிரித்தால் உள்ளே செம்புப் பின்களில் பாசி மாதிரி பச்சை பூத்திருக்கும். இன்று துடைத்தால் நாளை ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, விட்டுவிட்டு வேலை செய்யும். கார்ப்பெட்டைப் பிரித்தார், அடியில் இருந்த பஞ்சு, பிழியாத மெத்தை போல் கனத்தது. மார்கழிப் பனியில் அது காய எத்தனை நாள் ஆகும்? வாடை அங்கேதான் குடியிருக்கிறது. ஏசியின் காற்றுப் பாதைக்குள் வண்டல் போயிருந்தால், எத்தனை வாசனைப் பாட்டில் தொங்கவிட்டாலும் போகாது. தருமபுரிக்காரர் மூக்கு பொய் சொல்லவில்லை.

கடைசியாக, கியர் கம்பிக்கு அருகே கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாகப் பதித்திருந்த ஒரு சின்ன உலோகப் பெட்டியைக் காட்டினார். ஏர்பேக் யூனிட். மோதும்போது பலூனை விரிக்கச் சொல்லும் மூளை அது. வண்டிக்குள் அரையடி தண்ணீர் வந்தாலே முதலில் முங்குவது அதுதான். "இதைக் காயவெச்சு மாட்டக் கூடாது சார். புதுசுதான் போடணும். போடாம யாருக்கும் விக்காதீங்க."

அதைவிட மனதில் நின்றது ஒரு சின்னக் காட்சி. வண்டி ஓரளவு தேறி, ஷாம்பு போட்டுக் கழுவி, பாலிஷ் அடித்து நின்ற நாள். சீட் பெல்ட்டைப் பிடித்து, கூட்டுக்குள் சுருண்டிருப்பது முழுவதும் வெளியே வரும்வரை பாய் இழுத்தார். கைக்கு எட்டும் பெல்ட் கருகருவென்று புதுசு போல. கடைசி ஒரு முழத்தில் மட்டும் குறுக்கே பழுப்புக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் உலர்ந்த சேறு. "எல்லாத்தையும் கழுவிடுவாங்க சார். இந்தக் கடைசி முழத்தை மறந்துடுவாங்க. பழைய வண்டி பார்க்கப் போனா நான் முதல்ல இதைத்தான் இழுப்பேன்."

இன்சூரன்ஸ் இருந்தது. வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு ஒரு பைசா வராது. எனக்கு இருந்தது முழுக் காப்பீடுதான். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு வந்த கேடு 'பின்விளைவுச் சேதம்' என்று தள்ளினார்கள். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டுமாம். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கெல்லாம் தேய்மானமாகப் பாதி கழிந்தது. கைக்கு வந்த தொகை பட்டறை பில்லில் பாதிகூட இல்லை. ஏர்பேக் யூனிட்டுக்குப் பணமில்லை. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். 2016 மார்ச்சில் ஒரு புரோக்கர் வந்தார். மீட்டரில் எரிந்துகொண்டிருந்த ஏர்பேக் விளக்கைப் பார்த்தார். "இதை அணைச்சுக்கலாம் சார், நம்ம பையன் இருக்கான்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படிவங்களில் பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், சேசிஸ் நம்பர் கேட்டார்கள். வண்டி தண்ணீரில் நின்றதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் எழுதிக் கையெழுத்துப் போடத் துணிந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனி உங்கள் மேஜைக்கு வரும் விஷயம்.

ஒரு காரைத் திருத்தும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடும். 5 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு 3 லட்சத்து 75 ஆயிரம்தான் கோடு. டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய நவீன காரில், எலக்ட்ரானிக் பெட்டிகளை மட்டும் கூட்டினாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். அப்புறம் அந்த வண்டி எங்கே போகிறது? ஏலத்துக்கு. பழைய வண்டி எடுக்கும் வியாபாரி ஒருவர் 'இருக்கிற நிலையில்' எடுத்துப் போகிறார். உரிமையாளருக்குக் காப்பீட்டுப் பணம் போக மீதி ஏலத் தொகையிலிருந்து வருகிறது. எல்லாருக்கும் கணக்கு நேர்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வாகனம் அழிந்துபோனாலோ, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போனாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும், பதிவு ரத்தாகும். நல்ல பிரிவுதான். ஆனால் 'டோட்டல் லாஸ்' என்பது பணக் கணக்கு. 'நிரந்தரமாகப் பயன்படாதது' என்பது வண்டியின் உடல்நிலை. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் மூழ்கிய கார்கள் ஊர் போய்ச் சேருகின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அது செத்த வண்டி. உங்கள் அலுவலகக் கணக்கில் அது உயிரோடு இருக்கும் வண்டி. மலிவாக வாங்கி, மேலுக்குத் துடைத்து, பக்கத்து மாவட்டத்திலோ, தடையில்லாச் சான்று வாங்கிப் பக்கத்து மாநிலத்திலோ விற்றால், வாங்குகிறவர் கையில் இருக்கும் ஆர்.சி. மாசு மருவில்லாமல் இருக்கிறது. இதைவிட மோசமும் உண்டு. இப்படி உயிரோடு விடப்பட்ட ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும் திருட்டு வண்டிக்கு வேஷம் கட்டப் பயன்படுகின்றன.

ஆர்.சி. என்பது எதையும் எழுத இடமில்லாத காகிதம் அல்ல. வங்கிக் கடன் இருந்தால் அதில் ஒரு வரி ஏறுகிறது. பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றினால் ஒரு வரி. நிறம் மாற்றினால் ஒரு வரி. வங்கியின் பணத்தைக் காப்பாற்ற ஒரு வரி எழுத முடிகிறபோது, உள்ளே உட்காரப் போகும் குடும்பத்தின் உயிரைக் காப்பாற்ற ஒரு வரி எழுத இடமிருக்காதா?

பரிசோதனை என்று பார்த்தாலும் இதே நிலைதான். லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை உண்டு. சொந்த உபயோகக் காருக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு கழித்துப் புதுப்பிக்க வரும்வரை, அரசுத் தரப்பில் ஒருவரும் அதன் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. நடுவில் அது மூழ்கி எழுந்திருந்தாலும் சரி.

வெளிநாடுகளில் இதைச் சமாளித்திருக்கிறார்கள். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட வண்டிகளுக்கு ஏ, பி, எஸ், என் என நான்கு முத்திரை. ஏ என்றால் நொறுக்கியே தீர வேண்டும். பி என்றால் பாகங்களை எடுத்துக்கொண்டு உடலை நொறுக்க வேண்டும். எஸ், என் இரண்டும் திருத்தி மறுபடி ஓட்டலாம், ஆனால் முத்திரை கூடவே வரும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் உரிமைப் பத்திரத்திலேயே 'வெள்ளம்' என்று அச்சிடுகின்றன. அங்கேயும் கோளாறு இல்லாமல் இல்லை. 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய கார்கள், முத்திரை விதி தளர்வாக இருந்த மாநிலங்களில் மறுபதிவாகிச் சுத்தமான பத்திரத்தோடு வெளியே வந்தன. 'பத்திரத்தைக் கழுவுவது' என்றே அதற்குப் பெயர். மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவேடு இருந்ததன் வினை அது. நமக்கு அந்தச் சிக்கல் குறைவு. பெரும்பாலான மாநிலங்களின் வாகனப் பதிவேடு 'வாகன்' என்ற ஒரே தளத்தில் இருக்கிறது. சென்னையில் ஏற்றிய வரியைத் தருமபுரியிலும் பார்க்கலாம், தானேயிலும் பார்க்கலாம்.

தகவல் வருவதற்கான பாதையும் புதிதாகப் போட வேண்டியதில்லை. எந்த வண்டியின் நம்பரைத் தட்டினாலும் எம்பரிவாகன் செயலியில் காப்பீடு எந்தத் தேதி வரை என்று தெரிகிறது. அந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து வருவதுதான். பாலிசி எடுத்த செய்தி வந்து சேரும் அதே குழாயில், அந்த பாலிசியில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வாங்கிய செய்தியும் வந்து சேரலாம்.

மறுப்புகள் வரும். அவற்றில் இரண்டை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 2016-இல் கேட்டிருந்தால் நானே அவற்றைச் சொல்லியிருப்பேன்.

ஒன்று: 'வெள்ளத்தில் ஏற்கெனவே நொந்தவன் வண்டியின் விலையையும் இழக்க வேண்டுமா?' இன்று நடப்பதைப் பாருங்கள். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பழைய கார் பார்க்கிறவர், டி.என். 07, டி.என். 22 என்று பார்த்தாலே, "சென்னை வண்டியா? வேணாம்பா" என்று நகர்ந்துவிடுகிறார். மாடிப் பார்க்கிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நின்ற வண்டிக்கும் அதே விலைக் குறைப்பு. எது மூழ்கியது என்று தெரியாததால் எல்லாமே மூழ்கியதாகக் கணக்காகிறது. ஆர்.சி.யில் வரி ஏறினால் மூழ்கிய வண்டியின் விலை குறையும், உண்மைதான். மூழ்காத வண்டிக்கு அதன் நியாயமான விலை திரும்பும். நன்றாகத் திருத்திய வண்டிக்கும் லாபம் உண்டு. இன்று பாய் மாதிரி ஒருவர் மூன்று வாரம் பாடுபட்டுத் திருத்திய காருக்கும், ஷாம்பு மட்டும் போட்ட காருக்கும் சந்தையில் வித்தியாசமே இல்லை. 'சீட் மட்டம் வரை வெள்ளம், திருத்தப்பட்டது, பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் அந்த உழைப்புக்கு ஒரு சான்று கிடைக்கும். விலை குறைந்த, ஆனால் நம்பகமான கார், முதல் கார் வாங்கும் குடும்பத்துக்கு எட்டும்.

இரண்டு: 'காப்பீடே இல்லாதவன் சொல்லவா போகிறான்?' சொல்ல மாட்டான். எல்லா வண்டியும் வலையில் விழாது என்பதற்காக வலையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெரிய சேதங்களில் பெரும்பங்கு காப்பீட்டுக் கோரிக்கையாக வரும். காப்பீட்டு சர்வேயரின் போட்டோவோடு வரும். முதலில் அதைப் பிடிப்போம்.

ஆகவே, ஐந்து கோரிக்கைகள்.

முதலாவது: ஆர்.சி.யின் படிவம் மத்திய விதிகளில் இருக்கிறது என்பது தெரியும். வெள்ளச் சேதத்துக்கென ஒரு கட்டம் அதில் சேர்க்க, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தமிழ்நாடு எழுத வேண்டும். தரை மட்டம், சீட் மட்டம், டேஷ்போர்டு மட்டம் என்று சர்வேயர்கள் புழங்கும் கணக்கே போதும். புதிய அளவுகோல் தேவையில்லை. 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணி பொங்கியபோதும் அனுபவப்பட்ட மாநிலம் நாம். கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டாவது: 'டோட்டல் லாஸ்' ஆன வண்டிகளின் பட்டியலை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோடு பேசி, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பெறுங்கள். பட்டியலில் உள்ள வண்டி பெயர் மாற்றத்துக்கு வந்தால், 55-ஆம் பிரிவு அதற்குப் பொருந்துமா என்று பார்த்த பிறகே கோப்பு நகர வேண்டும். திருத்தி ஓட்டத்தக்கது என்றால் ஒரு முறை பரிசோதனை: பிரேக், ஒயரிங், ஏர்பேக். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது: திருத்த முடியாதவற்றுக்கு மரியாதையான முடிவு வேண்டும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் சான்று கிடைக்கும், சேசிஸ் நம்பரும் அதோடு முடியும். தண்ணீர் கெடுக்காத கதவு, கண்ணாடி, பானெட் எல்லாம் இன்னொரு வண்டிக்கு உதவட்டும். ஏர்பேக் யூனிட்டும் சீட் பெல்ட்டும் மட்டும் எந்தக் கடையிலும் மறுபடி விற்பனைக்கு வரக் கூடாது.

நான்காவது: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தருவதை அந்த அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கப் பரிந்துரையுங்கள். தனி ஆள் விற்கும்போதும் அதே கேள்வி பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு வரட்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் மனிதன் கொஞ்சம் யோசிப்பான்.

ஐந்தாவது, மழைக்கு முன்பே செய்ய வேண்டியது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, போலீஸ் அதை மறுத்ததும் நினைவிருக்கும். சிரிக்க வேண்டிய காட்சியில்லை அது, பட்டவர்களின் புத்தி. எந்த மேட்டில், எந்தப் பார்க்கிங்கில் நிறுத்தலாம் என்று மாநகராட்சியும் போலீசும் உங்கள் அலுவலகமும் சேர்ந்து முன்கூட்டியே அறிவித்தால், பாதிக் கார்கள் பட்டறைக்கே போகாது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: 'தண்ணீரில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். சேதத்தைப் போட்டோ எடுங்கள்.' வண்டி வைத்திருப்பவர் பலருடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வரியும் வேண்டும்: மூழ்கிய வண்டியை வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள், ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடாதீர்கள். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலின் உப்புத் தண்ணீர் புகுந்த மின்சார கார்கள், வெள்ளம் வடிந்த பின் தீப்பிடித்தன. தூத்துக்குடியும் எண்ணூரும் கடலோரம்தான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார் செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் நாம். 2015 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலைகளே சில நாள் மழைக்கு மூடிக் கிடந்தன. கார் பிறக்கும் ஊர், கார் மூழ்கும் ஊராகவும் இருக்கிறது. பிறந்த தேதியைப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. மூழ்கிய தேதிக்கும் ஒன்று வேண்டும். அதுவரை, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பாய் சொன்னபடி சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு மாநிலத்தின் வாகனப் பதிவேடு செய்ய வேண்டிய வேலையை ஒரு முழ நாடா செய்துகொண்டிருப்பது நமக்கு அழகல்ல.

கடைசியாக, உங்களுக்கு எழுதும் மடலில் இன்னொருவருக்கும் இரண்டு வரி எழுத அனுமதி வேண்டும். தருமபுரிக்காரரே, அந்த நம்பர் இப்போது என்னிடம் இல்லை. இதைப் படிக்க நேர்ந்தால்: ஆமாங்க, நின்னுச்சு. மூணு நாள், ஸ்டியரிங் பாதி வரைக்கும். வண்டி இன்னும் உங்களிடமோ, நீங்கள் விற்றவரிடமோ ஓடிக்கொண்டிருந்தால், கியர் கம்பிக்குக் கீழே இருக்கும் ஏர்பேக் யூனிட்டை மாற்றச் சொல்லுங்கள். நான் மாற்றவில்லை.

இப்படிக்கு,
முடிச்சூரிலிருந்து,
ஒரு காரின் முன்னாள் உரிமையாளர்